மட்டக்களப்பு வாவிக்கரைச் சுற்று நடை: எந்தத் திசையில், எத்தனை மணிக்கு, எதைப் பார்த்துக்கொண்டு

மட்டக்களப்பு நகரைச் சுற்றித் தண்ணீரை விட்டு விலகாமல், கொஞ்சம் மரநிழலோடு நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வழி உண்டா? அரை நாள் போதுமா? அறுபது தாண்டிய அம்மா அப்பாவும் பத்து வயதுப் பிள்ளையும் வரலாமா? இவைதான் கேள்வி.

வழி உண்டு. கோட்டைமுனைப் பாலத்தடியில் தொடங்கி, கல்லடிப் பாலம் தாண்டி, கடற்கரையால் டச்சுபார், நாவலடிப் பக்கம் போய், உள்வீதியால் திரும்பி, கடைசியில் புளியந்தீவையும் கோட்டையையும் சுற்றி முடித்தால் ஏறத்தாழ 12 கிலோமீற்றர் வரும். நிற்காமல் நடந்தால் மூன்று மணித்தியாலம். பார்த்து, இருந்து, தேத்தண்ணி குடித்து நடந்தால் நாலரை. தூரத்தை விடப் பெரிய விஷயம் திசை. விடியுமுன் கிழக்கே கடலை நோக்கிப் போக வேண்டும், வெயில் ஏறும்போது மேற்கே நகரை நோக்கித் திரும்ப வேண்டும். அப்படி நடந்தால் சூரியன் ஒரு கட்டத்திலும் முகத்தில் அடிக்காது, நிழலில்லாத மணல் குளிர்ந்த நேரத்திலேயே முடிந்துவிடும். கோட்டையை முதலில் பார்த்துவிட்டுப் பத்து மணிக்குக் கடற்கரைக்குப் போகிறவர்கள்தான் பாதி வழியில் ஓட்டோ தேடுகிறார்கள்.

நில அமைப்பை மனதில் வைத்துக்கொண்டால் வழி தவறாது. வாவி கடலுக்குச் சமாந்தரமாகச் சுமார் 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது. அதற்கும் கடலுக்கும் நடுவில் ஒடுங்கிய மணல் நிலம். கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி எல்லாம் அந்த நிலத்தில் வரிசையாக இருக்கின்றன. பழைய நகரமான புளியந்தீவு வாவிக்குள்ளேயே ஒரு தீவு. அதைப் பாலங்கள் கோட்டைமுனையோடு சேர்க்கின்றன. கோட்டைமுனைப் பக்கத்திலிருந்து கிழக்கே கல்லடிக்குப் போவது கல்லடிப் பாலம். வாவியின் வடக்கு வாய் பாலமீன்மடுவில், நகரிலிருந்து ஐந்து கிலோமீற்றர் அளவில். நீங்கள் நடக்கப்போவது இந்தத் தீவுக்கும் கடலுக்கும் வடக்கு வாய்க்கும் இடைப்பட்ட துண்டு.

காலை ஐந்தேகாலுக்குப் புறப்படுங்கள். பஸ் நிலையம், மணிக்கூட்டுக் கோபுரம், காந்தி பூங்கா எல்லாம் கிட்டக் கிட்ட இருப்பதால் தொடங்குமிடத்துக்கு வருவது சுலபம். கோட்டைமுனைப் பக்கத்துக் கரையோரமாகப் போகும் லேடி மெனிங் டிரைவைப் பிடித்துக் கிழக்கே நடக்க வேண்டும். வலது கைப் பக்கம் முழுக்க வாவி. பச்சை மினாராவுள்ள சிறிய அவுலியா பள்ளிவாசலடியில் நின்றால் நேரெதிரே தண்ணீருக்கு அப்பால் கோட்டைச் சுவர் தெரியும். கோட்டையின் முழு உருவத்தைப் பார்க்கக் கோட்டைக்குள் போவதை விட இந்த இடமே நல்லது. இருட்டில் பெரிதாகத் தெரியாது என்று கவலைப்பட வேண்டாம், திரும்பும்போது இதே வீதியால்தான் வருவீர்கள். இந்த ஒன்றரைக் கிலோமீற்றருக்கு ஒரு சிறிய டோர்ச் கையில் இருக்கட்டும். வீதி விளக்கு இருந்தாலும் வடிகான் மூடிகள் எல்லா இடத்திலும் சரியாக இல்லை. தெரு நாய்களும் அந்த நேரத்தில் கூட்டமாக நிற்கும். ஓடாமல், கையை ஆட்டாமல் நடந்தால் அவை விட்டுவிடும்.

அடுத்தது கல்லடிப் பாலம். இரண்டு பாலங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பழையது பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்து இரும்புப் பாலம். ஆளுநர் வில்லியம் மெனிங்கின் மனைவி பெயரால் லேடி மெனிங் பாலம் என்றானது. நீளம் சுமார் 288 மீற்றர். 2013 இல் புதிய பாலம் திறக்கும்வரை கிழக்குக் கரைப் பிரதான வீதியின் பஸ், லொறி எல்லாம் இந்த ஒற்றைவழி இரும்புப் பாலத்தால்தான் மாறி மாறிப் போயின. போகும்போது பழைய பாலத்தால் போங்கள், வரும்போது புதியதால் வாருங்கள். பழையதில் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் வரக்கூடும் என்பதால் ஒருவர் பின் ஒருவராக நடப்பது நல்லது. தூண்டில் போடுகிறவர்கள் இருந்தால் அவர்களுக்குப் பின்னால் போகாமல், அவர்கள் பார்க்கும்படி ஒரு சொல் சொல்லிவிட்டுக் கடந்து போங்கள். தூண்டிலைப் பின்னுக்கு வீசும்போது முள் முகத்துக்கு வரும். ஐந்தே முக்காலுக்கும் ஆறுக்கும் இடையில் பாலத்தின் நடுவில் இருப்பீர்களானால் கணக்கு சரி. அந்த நேரம் வாவி அசையாமல் கிடக்கும். வீச்சுவலைக்காரர்களின் தோணிகள் கரைக்குத் திரும்பும். மட்டக்களப்பைப் பற்றி ஒரே ஒரு இடத்தில் நின்று தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் இந்தப் பழைய பாலத்தில் நிற்க வேண்டும். இது துருப்பிடித்து விழாமல் காப்பாற்றப்பட வேண்டியது.

பாலம் இறங்கியதும் கடற்கரை வரை ஒரு கிலோமீற்றர் அளவு, எல்லாம் ஊர்வீதி. கல்லடி உப்போடையில் சுவாமி விபுலானந்தரின் சமாதியும், அவர் 1929 இல் தொடங்கிய சிவானந்தா வித்தியாலயமும் இருக்கின்றன. அவர் 1892 இல் காரைதீவில் பிறந்து 1947 இல் மறைந்தவர். வழியை விட்டுக் கொஞ்சம் விலக வேண்டும் என்றாலும் கால் மணித்தியாலம் அதற்குக் கொடுப்பது தகும். காலையில் சத்தமில்லாமல் வாசலில் நின்றுவிட்டுப் போங்கள். கடலோரத்தில் திருச்செந்தூர் முருகன் ஆலயம் வரும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அதன் கோபுரம் சாய்ந்தது. அலையின் பலத்தை எந்த விளக்கமும் இல்லாமல் சொல்லும் இடம் அது.

சூரியன் மாதத்தைப் பொறுத்து ஐந்தே முக்காலுக்கும் ஆறு இருபதுக்கும் இடையில் கடலிலிருந்து எழும்பும். கடலுக்கு வந்ததும் இடது பக்கம், அதாவது வடக்கே திரும்ப வேண்டும். இங்கே நடை கடினமாகும். கிழக்குக் கரையில் மணல் பருமன், கரை சரிவு. காய்ந்த மணலில் கால் புதைந்து, மணித்தியாலத்துக்கு மூன்று கிலோமீற்றர் போவதே பாடு. அலை வந்து நனைத்துவிட்டுப் போன ஈரப்பட்டையில் நடந்தால் நாலு கிலோமீற்றர் வரை போகலாம், ஆனால் அந்தப் பட்டை கடலை நோக்கிச் சரிந்திருக்கும். வடக்கே போகும்போது வலது கால் எப்போதும் பள்ளத்தில், இடது கால் மேட்டில். ஒரு கிலோமீற்றருக்கு மேல் அப்படி நடந்தால் முழங்காலும் இடுப்பும் வலிக்கத் தொடங்கும். முழங்கால் வலி ஏற்கெனவே உள்ளவர்கள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மேலே ஏறி, அடம்பன் கொடி படர்ந்த மட்டமான மணலில் கொஞ்சத் தூரம் நடக்கட்டும். கொடியின் வேர் மணலைக் கட்டி வைத்திருப்பதால் அங்கே கால் அதிகம் புதையாது. இராவணன் மீசைப் புல் வளர்ந்த இடத்தில் மட்டும் வெறுங்காலோடு போக வேண்டாம், அதன் முனை ஊசி.

இந்த நேரத்தில் கரைவலை இழுப்பார்கள். கடலிலிருந்து இரண்டு கயிறு கரைக்கு வரும், இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று இழுப்பார்கள். கயிற்றைத் தாண்டவோ மிதிக்கவோ கூடாது. பாரம் ஏறிய கயிறு திடீரென்று நிலத்தை விட்டு எழும்பும். காலுக்கிடையில் மாட்டினால் ஆளைத் தூக்கி எறிந்துவிடும். இழுப்பவர்களுக்குப் பின்னால், மேட்டுப் பக்கமாகச் சுற்றிப் போவதே முறை. நின்று பார்க்கலாம். மீன் வாங்க ஆசைப்பட்டால் திரும்பும் வழியில் வாங்குங்கள், இல்லாவிட்டால் எட்டுக் கிலோமீற்றர் அதைச் சுமக்க நேரும்.

கடலில் இறங்கிக் குளிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. கல்லடிக் கரை பார்க்க அமைதியாக இருக்கும். ஆனால் சரிவான கரை என்பதால் நாலு அடி வைத்ததும் ஆழம் வந்துவிடும், திரும்பும் அலை காலடி மணலை உருவிக்கொண்டு போகும். இடுப்பளவுக்கு மேல் போக வேண்டாம். பிள்ளைகளின் கையை விட வேண்டாம்.

மேலே சவுக்கு மரங்கள் வரத் தொடங்கியதும் கடற்கரையை விட்டு அந்த நிழலுக்குள் ஏறிவிடுங்கள். ஏழு மணிக்கு முன் இங்கே வந்திருப்பது நல்லது. சவுக்கிலை மெத்தையாகக் கிடந்தாலும் அடியில் காய்கள் கிடக்கும். மெல்லிய சிலிப்பரை அழுத்திக் குத்தும். இந்தப் பகுதிதான் டச்சுபார், அதற்கு வடக்கே நாவலடி. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் குடும்பங்கள் பல தலைமுறை வாழ்ந்த கரை இது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் சில நூறு மீற்றர் அகலமே உள்ள நிலம் என்பதால் 2004 இல் அலை ஒரு பக்கத்தால் ஏறி மறுபக்கத்தால் வாவிக்குள் இறங்கியது. வெறும் அத்திவாரங்களும் நினைவிடங்களும் கண்ணில் படும். அவற்றின் மேல் இருந்து சாப்பிடுவதோ ஏறி நின்று படம் பிடிப்பதோ தகாது. இங்கே தங்கள் பிள்ளைகளை இழந்தவர்கள் இன்னும் இந்த வீதியால் போய் வருகிறார்கள்.

கால் மணித்தியாலம் இருந்து தண்ணீர் குடியுங்கள். சுற்றின் நடுப்பகுதி இதுதான். இதிலிருந்து வடக்கே நேராக நடந்தால் வாவியின் வாய் வரும். அதுவரை போய் வந்தால் மொத்த நடை 12 இலிருந்து 18 கிலோமீற்றராக நீளும். நல்ல நடைக்காரர்களுக்கு அது பிரச்சினை இல்லை. ஆனால் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, வாயைத் தாண்டினால் பாலமீன்மடு, அங்கிருந்து முகத்துவார வீதியால் நகருக்குத் திரும்பினால் அழகான முழு வட்டம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். அக்கரையில் 1913 இல் கட்டிய வெளிச்சவீடு கையெட்டும் தூரத்தில் தெரிவதால் ஆசை வரும். நடந்து தாண்டக் கூடாது. காய்ந்த மாதங்களில் மணல் திட்டு வளர்ந்து வாய் ஒடுங்கிக் கிடக்கும், தண்ணீர் முழங்கால் அளவே இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் வாவியின் வடக்குப் பகுதித் தண்ணீர் அந்த ஒடுங்கிய இடைவெளியால்தான் வெளியே போகவும் உள்ளே வரவும் வேண்டும். அதனால் நடுவில் இழுவை பலமாக இருக்கும், காலடி மணலும் நகர்ந்துகொண்டே இருக்கும். நீந்தத் தெரிந்தவரையும் அது கடலுக்குள் கொண்டுபோகும். அக்கரைக்குப் போக வேண்டுமென்றால் முதல் நாளே ஒரு தோணிக்காரரைப் பேசி வைத்திருக்க வேண்டும், உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்றும் கேட்டிருக்க வேண்டும். பேசி வைக்காவிட்டால் வந்த வழியே திரும்புவது ஒன்றுதான் வழி. வெளிச்சவீட்டைத் தனியாக வேறொரு நாள் நகரிலிருந்து ஓட்டோவிலோ சைக்கிளிலோ போய்ப் பார்க்கலாம்.

திரும்பும்போது கடற்கரையை விட்டுவிட்டு வாவிப் பக்கத்து உள்வீதியைப் பிடியுங்கள். வெயில் முதுகுக்கும் தோளுக்கும் போய்விடும். காலுக்குக் கீழே கெட்டி நிலம். வாவி ஓரமாக அங்கங்கே கண்டல் திட்டுகள் வரும். இந்த நடையில் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டியது இதைத்தான், ஆனால் பெரும்பாலானோர் பசியில் வேகமாகக் கடந்து விடுகிறார்கள். கண்டல் மரத்தைக் கண்டுபிடிப்பது சுலபம்: தண்டிலிருந்து வளைந்து சேற்றுக்குள் இறங்கும் தாங்கு வேர்கள். அதன் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து, பச்சைக் குச்சியாக நீண்டு தொங்கும். கனம் கூடியதும் விழுந்து சேற்றில் செங்குத்தாகக் குத்தி நிற்கும், அல்லது மிதந்து போய் வேறு கரையில் வேர் விடும். கண்ணா மரத்தடியில் சேற்றிலிருந்து விரல் விரலாக மேலே நீட்டிக்கொண்டிருப்பவை மூச்சு வேர்கள். அந்தச் சேற்றுக்குள் காற்று இல்லாததால் மரம் அவற்றால்தான் மூச்சு விடுகிறது. அவற்றின் மேல் நடந்தால் முறியும். பொலித்தீன் சுற்றினாலும் எண்ணெய் படிந்தாலும் மரம் மெதுவாகச் சாகும். ஆகவே கரை விட்டு உள்ளே இறங்க வேண்டாம். இறங்கினால் உங்களுக்கும் நல்லதல்ல. சேற்றுக்குள் மட்டிச் சிப்பியும் உடைந்த போத்தலும் கிடக்கும். வாவியில் முதலையும் உண்டு. பத்தை மூடிய ஓரத்தில், தண்ணீருக்கு மிக அருகில் பிள்ளையை நிறுத்திப் படம் எடுக்க வேண்டாம்.

தில்லை மரத்தையும் தெரிந்து வைத்திருங்கள். இலை முறித்தால் வெள்ளைப் பால் வடியும். அந்தப் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சலோடு பார்வை தற்காலிகமாகப் போகலாம், தோலில் கொப்புளம் போடும். இன்ன மரமென்று தெரியாதவரை கண்டல் ஓரத்தில் எந்தக் கிளையையும் முறிக்காமல் இருப்பதே பாதுகாப்பு. பட்டுவிட்டால் கசக்காமல் நல்ல தண்ணீரால் பதினைந்து நிமிடமாவது கழுவி, வைத்தியசாலைக்குப் போக வேண்டும். குடிதண்ணீரில் ஒரு போத்தலைக் கடைசி வரை மிச்சம் வைக்கச் சொல்வது இதற்காகவும்தான்.

பறவை பார்க்கிறவர்களுக்கு ஏழு முதல் எட்டரை வரை நல்ல நேரம். நீர்க்காகம் கம்பங்களில் இறகு விரித்து உலர்த்தும், மீன்கொத்தி, கொக்கு, நாரை, மேலே வட்டமிடும் செம்பருந்து எல்லாம் சாதாரணமாகக் கிடைக்கும். வாவிக்கரையில் குப்பை கொட்டுவது இந்த நடையின் மிகப் பெரிய வேதனை. நீங்கள் கொண்டுபோன போத்தலையும் பொலித்தீனையும் திருப்பிக் கொண்டுவாருங்கள். இன்னும் நாலைப் பொறுக்கி வந்தால் மிக நல்லது.

புதிய பாலத்தால் திரும்பி லேடி மெனிங் டிரைவுக்கு வந்தால் மணி எட்டரை ஆகியிருக்கும். காலைச் சாப்பாடு கல்லடியிலோ கோட்டைமுனையிலோ முடிக்கலாம். பிட்டோ இடியப்பமோ எதுவானாலும் எருமைத் தயிர் கிடைத்தால் விடாதீர்கள். வெயிலில் நடந்து வந்த உடம்புக்கு அது நன்றாக ஒத்துக்கொள்ளும்.

இனிப் புளியந்தீவு. இரண்டரைக் கிலோமீற்றர், எல்லாம் மட்டமான வீதி, கட்டட நிழல், அங்கங்கே மரங்கள். 1978 நவம்பர் 23 சூறாவளி இந்த மாவட்டத்தின் தென்னைகளையும் பெருமரங்களையும் வீழ்த்தியதால் இன்று காணும் நிழலில் பெரும்பகுதி அதற்குப் பிறகு வளர்ந்தது. கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628 இல் கட்டினார்கள். பத்து வருடத்தில், 1638 மே 18 அன்று, கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து வந்த ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். இலங்கையில் அவர்கள் கைக்கு வந்த முதல் கோட்டை இது. நாலு மூலையிலும் கொத்தளம். இரண்டு பக்கம் வாவியே அரண், மற்ற இரண்டு பக்கம் அகழி. நீண்ட காலம் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், இதற்குள் இயங்கியதால் கோட்டைக்குள் அலுவலகக் கட்டடங்கள் நிறைந்திருக்கும். வார நாளில் அலுவலக நேரத்தில் போவது பொருத்தம். வாசலில் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். வெடித்த சுவர் மேல் ஏறுவது ஆபத்து, சுவருக்கும் கேடு. கோட்டையிலிருந்து வீதிகளால் நடந்தால் 1814 இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி, 1873 இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரி, புனித மரியாள் பேராலயம் எல்லாம் வரும். மெதடிஸ்தக் கல்லூரியைத் தொடக்கிய வில்லியம் ஓல்ட் 1814 இல் இங்கே வந்து அடுத்த வருடமே இறந்தவர். அவருடைய சிலை காந்தி பூங்காப் பக்கம் நிற்கிறது.

எடுத்துப் போக வேண்டியவை அதிகமில்லை. ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், அகன்ற தொப்பி அல்லது குடை, பிடிவார் வைத்த செருப்பு, ஒரு மெல்லிய துவாய். கனத்த சப்பாத்து வேண்டாம், மணல் புகுந்தால் அரை மணித்தியாலத்தில் கால் உரிந்துவிடும். மணல் புகுந்த உடனே உட்கார்ந்து தட்டுங்கள், பிறகு பார்ப்போம் என்று நடந்தால் கொப்புளம் நிச்சயம். வாவிக்கரையில் விடியற்காலையும் அந்தியும் நுளம்பு கடிக்கும். முழுக்கைச் சட்டை உதவும். பத்து மணிக்குப் பிறகு மணலில் வெறுங்காலோடு நிற்க முடியாது. தலைச்சுற்று, வேர்வை நிற்பது, பேச்சுக் குழறல் ஏதாவது தெரிந்தால் நடையை அங்கேயே முடித்து நிழலில் படுக்க வைத்து உடம்பை நனைத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். இளநீர் கொடுத்துவிட்டு மறுபடி நடக்க வைப்பது தவறு.

மாதத்தைப் பார்த்தால் பெப்ரவரி முதல் மே தொடக்கம் வரை மிக நல்லது. ஜூன் முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று நிலப்பக்கத்திலிருந்து வறண்டு சூடாக வீசும். ஐந்தேகால் என்பதை நாலேமுக்காலாக்கி, எட்டுக்குள் பாலம் திரும்பிவிட வேண்டும். ஒக்டோபர் கடைசி முதல் ஜனவரி வரை மழைக்காலம். அலை மணற்கரையை மேடு வரை அரித்துவிடுவதால் நடக்க ஈரப்பட்டையே மிஞ்சாது, வாவியும் ஏறும். அந்த நாட்களில் கடற்கரைத் துண்டை விட்டுவிட்டுப் பாலமும் புளியந்தீவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா அப்பாவுக்கும் பிள்ளைக்கும் அதே சுருக்கச் சுற்றுதான் என் பரிந்துரை: கோட்டைமுனையிலிருந்து பழைய பாலம் வரை நடை, கடற்கரைக்கு ஓட்டோ, அங்கே அரை மணித்தியாலம் இருந்துவிட்டு ஓட்டோவிலேயே திரும்பி, புளியந்தீவில் மீண்டும் நடை. நாலரைக் கிலோமீற்றருக்கு மேல் கால் நடக்காது. நீங்கள் மட்டும் கடற்கரையால் நடந்து, அவர்களைச் சாப்பாட்டு இடத்தில் சந்திக்கலாம்.

மாலையில்தான் முடியும் என்றால் திசையை மாற்றுங்கள். மூன்றரைக்குக் கோட்டையும் புளியந்தீவும், ஐந்து மணிக்குக் கடற்கரை. அங்கே கல்லடியோடு நின்றுகொண்டு, நாவலடிப் பக்கம் போகாமல் ஆறேகாலுக்குள் பாலத்துக்கு வந்துவிடுங்கள். இங்கே அந்திக்குப் பிறகு மளமளவென்று இருட்டிவிடும். பாடும் மீன், அதாவது வாவித் தண்ணீருக்குள்ளிருந்து வரும் ஒலி, கேட்க வேண்டும் என்பவர்களுக்கு ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரையான பூரணை இரவுகள் ஏற்றவை. 1848 இல் பிரிட்டிஷ் அதிகாரி எமர்சன் டெனன்ட் இந்த வாவியில் கேட்டு எழுதிவைத்த ஒலி அது. மீனா, ஊரி என்னும் நத்தை வகையா என்று இன்றுவரை முடிவான பதில் இல்லை. பாலத்தின் மேல் நின்றால் வாகன இரைச்சலில் எதுவும் கேட்காது. தோணியில் பாலத்தடிக்குப் போய், துடுப்பைத் தண்ணீரில் இறக்கி அதன் மேல் நுனியில் காதை வைக்க வேண்டும்.

இன்னும் பெரிய வட்டம் வேண்டுமென்றால் அதைச் சைக்கிளுக்கு விடுங்கள்: கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி வழியே 2014 இல் திறந்த மண்முனைப் பாலத்தால் வாவியைத் தாண்டி, கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயம் பார்த்து, வவுணதீவு, வலையிறவுப் பாலம் வழியே நகருக்குத் திரும்பலாம். முப்பது கிலோமீற்றரைத் தாண்டும். மேற்குக் கரையில் வயல்வெளி நீளமாக வருவதால் நிழலும் கடையும் குறைவு. டியூப் ஒட்டும் சாமானும் காற்றுப் பம்பும் இல்லாமல் போக வேண்டாம்.